பக்கத்துப் பல்லின் நிறம்

ராஜபாளையத்தை விட்டுத் தென்காசிச் சாலையில் தெற்கே வந்தால், சேத்தூருக்குள் நுழையும் முன்பே முகங்கள் எதிர்கொள்ளத் தொடங்கிவிடும். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை புகுவிழா, கோயில் பொங்கல், முதலாம் ஆண்டு நினைவஞ்சலி என எல்லாவற்றுக்கும் ஃபிளெக்ஸ் பேனர்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் நடுவில் இருப்பார்கள், தாய்மாமன்கள் இரு ஓரங்களில். நண்பர்கள் கீழே வட்டங்களுக்குள் வரிசையாக. அத்தனை முகங்களும் சிரிக்கும். அத்தனை பற்களும் ஒரே வெள்ளையாக இருக்கும். எழுபது வயதுத் தாத்தாவின் பல்லுக்கும் அவர் பேரனின் பல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. ஃபிளெக்ஸ் கடையில் கணினிக்கு முன்னால் இருக்கும் பையன் முகத்துக்கு நிறம் கூட்டிய கையோடு பல்லையும் வெளுத்துவிடுகிறான். யாரும் கேட்டுச் செய்வதில்லை. செய்யாமல் விட்டால்தான் கேட்பார்கள்.

மறுநாள் கல்யாண மண்டபத்தில் அதே மனிதர்கள் உயிரோடு மேடை ஏறுகிறார்கள். வீடியோக்காரரின் விளக்கு முகத்தில் விழுந்ததும் பேனர் மறைத்ததெல்லாம் வெளியே வருகிறது. மாமாவின் முன்பல் ஒன்று மற்ற பற்களைவிட இரண்டு படி வெளுப்பு. சித்தப்பாவுக்குக் கேப் போட்ட பல்லின் ஈறோரம் மெல்லிய கறுப்புக் கோடு. என்றோ அடிபட்டு நரம்பு செத்த பல் ஒருவருக்குச் சாம்பல் பூத்து நிற்கிறது. இன்னொருவர் வாய்விட்டுச் சிரித்தால் கடைவாயில் எஃகு நிறத்தில் ஏதோ மினுங்குகிறது. ‘கொஞ்சம் சிரிங்க’ என்று போட்டோக்காரர் சொன்னதும் இவர்கள் எல்லோரும் உதட்டை மூடிக்கொண்டு சிரிக்கிறார்கள்.

நிறம் ஒட்டாத அந்த ஒற்றைப் பல்லைப் பற்றி எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். பல் மருத்துவத்தில் அதற்குக் காரணங்கள் உண்டு. ஆனால் அந்தப் பல்லால் ஒரு மனிதர் சபையில் தன் வாயைத் திறக்கக் கூசுகிறாரே, அதன் காரணங்கள் மருத்துவத்துக்குள் அடங்குவதில்லை.

எங்கள் பக்கத்தில் பல்லின் நிறத்தைக் குறித்து வைத்த பழைய சாட்சி ஆண்டாள். அவளுடைய ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர், சேத்தூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம்தான். திருப்பாவையில், விடியற்காலையில் கோயிலுக்குப் போகும் துறவிகளை அவள் இரண்டே அடையாளங்களால் காட்டுகிறாள். ஒன்று செங்கல்பொடி நிறத்து ஆடை. மற்றது வெண்மையான பற்கள். தாடியையோ சடையையோ கமண்டலத்தையோ சொல்லாமல் பல்லை ஏன் சொன்னாள்? உரைகாரர்கள் காரணம் சொல்கிறார்கள்: அவர்கள் வெற்றிலை போடாதவர்கள், போகத்தை விட்டவர்கள், அதனால் பல் வெளுத்திருக்கிறது. அந்த விளக்கத்தை முதன்முதலில் கேட்டபோது எனக்கு ஊரே வேறு மாதிரித் தெரிந்தது. வெள்ளைப் பல் ஒரு காலத்தில் துறவுக்கு அடையாளமாக இருந்திருக்கிறது. குடும்பம் நடத்துகிற, விருந்து உண்கிற, சோறு முடிந்ததும் தாம்பூலம் தரிக்கிற மனிதரின் பல்லில் காவி ஏறியிருக்கும். அது வாழ்கிறவரின் நிறம். கவிஞர்கள் முத்து என்றும் முல்லை அரும்பு என்றும் பாடினார்கள். அதெல்லாம் பதினாறு வயதுத் தலைவிக்கு. அவளுடைய பாட்டியின் வாயைப் பற்றி அவர்கள் பேசவில்லை.

ஜப்பானில் இதைவிடத் தெளிவாக நடந்திருக்கிறது. அங்கே மணமான பெண்களும் பிரபுக்களும் பல்லைக் கறுப்பாக்கிக்கொள்வது பல நூற்றாண்டு வழக்கம். இரும்புத் துருவும் புளித்த நீரும் கலந்த மை, அதோடு துவர்ப்புப் பொடி. பளபளக்கும் கறுப்பு பெருமைக்குரிய நிறமாக இருந்தது. 1870இல் மெய்ஜி அரசு பிரபுக்களுக்கு அதைத் தடை செய்தது. 1873இல் பேரரசி தன் இயற்கையான வெள்ளைப் பற்களோடு பொதுவில் தோன்றினார். அதன்பிறகு சில பத்தாண்டுகளுக்குள் வழக்கம் நகரங்களில் தேய்ந்து போயிற்று. அரண்மனைப் பெண் ஒருவர் வாயைத் திறந்ததும், அதுவரை அழகாக இருந்த லட்சக்கணக்கான வாய்கள் பழசாகிப் போயின.

நம்மிடம் அப்படி ஒரு நாள் இல்லை. சினிமாவும் பல்பொடி விளம்பரமும் பற்பசையும் அந்த வேலையை மெதுவாகச் செய்தன. உமிக்கரியும் வேப்பங்குச்சியும் செங்கல்பொடியும் போய், ரோஸ் நிறப் பொடி வந்து, அதுவும் போனது. வெற்றிலை போடும் வாய் கிழட்டு வாய் ஆயிற்று. பாக்கு புற்றுநோய் தரும் என்பது இன்று உறுதிப்பட்ட உண்மை. புகையிலையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் பெரிது. அந்தப் பழக்கம் போனதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. ஆனால் பழக்கத்தோடு சேர்ந்து, பல்லில் நிறம் ஏறியிருப்பதே அழுக்கு என்ற எண்ணமும் வந்துவிட்டது. வெற்றிலையைத் தொடாதவர் பல்லும் வயதில் மஞ்சளாகும் என்பதை நாம் மறந்துவிட்டோம்.

பல்லின் நிறம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. மேலே இருக்கும் எனாமல் ஏறக்குறைய ஒளி ஊடுருவும் ஓடு. அதன் வழியே உள்ளே இருக்கும் மஞ்சள் சாயலுள்ள டென்டின்தான் நமக்குத் தெரிகிறது. வயதாக ஆக எனாமல் தேய்கிறது, டென்டின் தடிக்கிறது, நிறம் ஆழமாகிறது. கோரைப்பல்லில் டென்டின் அதிகம். அதனால் எல்லோர் வாயிலும் கோரைப்பல் முன்பல்லைவிடக் கொஞ்சம் மஞ்சளாகவே இருக்கும். இயற்கை எந்த மனிதருக்கும் ஒரே நிறத்தில் முப்பத்திரண்டு பல்லைக் கொடுத்ததில்லை. ஒரு பல்லுக்குள்ளேயே ஈறருகில் ஒரு நிறம், நடுவில் ஒன்று, நுனியில் லேசான நீலச் சாம்பல். குழந்தையாக இருந்தபோது குடித்த மருந்தும் பல்லில் நிற்கும். டெட்ராசைக்ளின் சிரப் குடித்த ஒரு தலைமுறையின் பற்களில் சாம்பல் பட்டைகளை இன்றும் பார்க்கலாம். குடித்த தண்ணீரும் நிற்கும். இந்தியாவில் ஃபுளோரைடு நோயை மருத்துவர்கள் முதலில் எழுதி வைத்தது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் சுண்ணாம்புத் திட்டும் பழுப்புக் கறையும் விழுந்தன. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாத ஃபுளோரைடு அங்கே பல ஊர்களில் தாண்டியிருந்தது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும்வரை அந்தப் பிள்ளைகள் செய்த தவறு என்ன? எந்தப் பொடி போட்டுத் தேய்த்தாலும் போகாத கறை அது. பல் முளைக்கும் முன்பே ஈறுக்குள் இருக்கும்போது விழுந்துவிட்டது. அந்தப் பற்களைப் பார்த்து ‘பல் விளக்க மாட்டியா’ என்று கேட்ட வாத்தியார்களை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பொதுவில் தன் வாயை மறைக்காத மனிதர் என்று யோசித்தால் முதலில் காந்திதான் நினைவுக்கு வருகிறார். 1927இல் கதருக்காகத் தமிழகமெங்கும் சுற்றியபோது ராஜபாளையத்துக்கும் வந்தார்.   1931இல் இங்கிலாந்தின் லங்காஷயர் போனார். தன் அந்நியத் துணி மறுப்பால் வேலை இழந்த மில் பெண்கள் நடுவே நின்று எடுத்துக்கொண்ட அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது. அந்தச் சுற்றுப்பயணத்துப் படங்களில் அவர் சிரித்தால் முன்பல் வரிசையில் இடைவெளி தெரியும். அவரிடம் பல்செட் இருந்தது. சாப்பிடும்போது மாட்டிக்கொண்டு, முடிந்ததும் கழற்றிவிடுவார் என்று உடனிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். மெல்லுவதற்குப் பல் வேண்டும், சிரிப்பதற்கு வேண்டாம் என்ற அந்தத் தீர்மானம் எனக்கு மிகவும் பெரிதாகப்படுகிறது. பேரரசின் பத்திரிகைக் கேமராக்கள் முன்னால் பொக்கை வாயோடு சிரிக்கத் துணிந்தவர், எதை இழந்துவிடுவோம் என்று பயந்தார்?

இந்தத் துணிவை எல்லோரிடமும் எதிர்பார்க்க முடியாது. மகாத்மாவின் பொக்கை வாயை உலகம் குழந்தைச் சிரிப்பு என்று கொண்டாடும். முப்பது வயதில் முன்பல் போன ஜவுளிக் கடைப் பெண்ணை அப்படிக் கொண்டாடாது. அவளுக்கு வேலையும் கல்யாணமும் அந்தப் பல்லில் தொங்குகின்றன. பல் கட்டிக்கொள்ள வருகிறவர்களை வீண் ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சம்மதமில்லை.

முந்தின தலைமுறைக்கு இந்தச் சிக்கலுக்கு வேறொரு தீர்வு இருந்தது. தங்கப்பல். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொழும்புக்கும் போய்த் திரும்பியவர்கள் சிலர் முன்பல்லில் தங்கம் கட்டி வந்தார்கள். தமிழ்நாட்டு நகரங்கள் பலவற்றில் சீனப் பல் வைத்தியர்கள் கடை போட்டிருந்தார்கள். பெரிய பல்செட் வரைந்த பலகை தொங்கும். தகப்பனிடமிருந்து மகன் கற்றுக்கொண்ட தொழில் அது. 1948இல் பல் மருத்துவர் சட்டம் வந்தபோது, பட்டம் பெற்றவர்களுக்கு ‘ஏ’ பகுதி என்றும், பட்டமில்லாமல் ஏற்கெனவே தொழில் செய்துவந்தவர்களுக்கு ‘பி’ பகுதி என்றும் பதிவேட்டையே இரண்டாகப் பிரித்தார்கள். சென்னை அரசுப் பல் மருத்துவக் கல்லூரி 1953இல்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் நம் ஊர்களில் பல் கட்டியவர்கள் பெரும்பாலும் கைத்தொழிலாளிகள். அவர்கள் கட்டிய தங்கப்பல் துருப்பிடிக்காது, எதிர்ப் பல்லைத் தேய்க்காது. இன்றைய மருத்துவர்களும் தங்கத்தை மதிப்போடுதான் பேசுகிறார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப்படுவது வேறு. தங்கப்பல் தன்னைப் பல் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ‘இங்கே ஒரு பல் இருந்தது, போய்விட்டது, அதன் இடத்தில் நான் இருக்கிறேன்’ என்று நேராகச் சொன்னது. நிறம் ஒட்டவில்லை என்று அதை யாரும் குறை சொன்னதில்லை.

பீங்கான் வந்ததும் கணக்கு மாறியது. டெட்ராய்ட் நகரத்துப் பல் மருத்துவர் சார்லஸ் லேண்ட் 1880களின் இறுதியில் பீங்கான் உறைக்குக் காப்புரிமை வாங்கினார்.  வெறும் பீங்கான் எளிதில் உடைந்தது. உள்ளே உலோகம், மேலே பீங்கான் என்ற முறைக்கு 1962இல் காப்புரிமை கிடைத்தது. நம் ஊரில் ‘செராமிக் கேப்’ என்று போடப்படுவது பெரும்பாலும் அதுதான். உலோகத்தின் கறுப்பு தெரியாமலிருக்க முதலில் ஒரு வெள்ளைப் பூச்சு. அதன்மேல் டென்டின் நிறத்தில் ஒரு படை. அதன்மேல் எனாமல் போன்ற ஒரு படை. ஒவ்வொன்றையும் தொள்ளாயிரம் டிகிரிக்கு அருகில் உலையில் வேகவைக்க வேண்டும். மேல் படைகளுக்கு இடம் போதாவிட்டால் அடியிலிருக்கும் வெள்ளைப் பூச்சு எட்டிப் பார்க்கும். அப்போதுதான் அந்தச் சுண்ணாம்பு அடித்த தோற்றம் வருகிறது. சில ஆண்டுகளில் ஈறு கொஞ்சம் இறங்கினால் உலோக விளிம்பு கறுப்புக் கோடாகத் தெரியும். இப்போது சிர்கோனியா வந்திருக்கிறது. உலோகமே இல்லை, கறுப்புக் கோடும் இல்லை. விலைதான் கூடுதல். ஆகவே ஈறோரத்துக் கறுப்புக் கோடு ஒருவருடைய பல்லைப் பற்றிச் சொல்வதைவிட அவருடைய வருமானத்தைப் பற்றியே அதிகம் சொல்லிவிடுகிறது. மேடையில் அவர் உதட்டை மூடிக்கொள்வது அதனால்தான்.

நிறம் பொருத்துவது எத்தனை கடினம் என்பதை ராஜபாளையத்தில் ஒரு பல் மருத்துவமனையில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. ஷேடு கார்டு என்று பல் வடிவத் துண்டுகள் வரிசையாகச் செருகிய ஒரு பட்டை வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் வீட்டா நிறுவனம் 1956இல் கொண்டுவந்ததன் வழி வந்தது அது. மொத்தம் பதினாறு நிறங்கள். ஏ என்றால் செம்பழுப்புச் சாயல், பி செம்மஞ்சள், சி சாம்பல், டி செஞ்சாம்பல். எண் கூடக் கூட அடர்த்தி கூடும். உலகத்துப் பற்களை எல்லாம் இந்தப் பதினாறுக்குள் அடக்கப் பார்க்கிறார்கள். பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் வைத்துப் பார்க்க வேண்டும். ட்யூப்லைட்டில் ஒட்டுகிற நிறம் வெயிலில் ஒட்டாது. பல்லைச் சீவுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும், வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் காய்ந்து வெளுத்துவிடும். உதட்டுச் சாயத்தைத் துடைக்க வேண்டும். வந்தவர் அரக்குச் சேலை கட்டியிருந்தால் மேலே சாம்பல் நிறத் துணியைப் போர்த்த வேண்டும். சில விநாடிகளுக்கு மேல் உற்றுப் பார்த்தால் கண் சோர்ந்து எல்லாம் ஒன்றாகத் தெரியும். இயற்கைப் பல் புற ஊதா ஒளியில் மெல்லிய நீலமாக ஒளிரும். பழைய கேப்களுக்கு அந்தக் குணம் இல்லாததால் ஆடல்பாடல் மேடையின் ஊதா விளக்கில் அந்த ஒரு பல் மட்டும் இருண்டு, அங்கே ஓட்டை விழுந்தது போலத் தெரியும். அந்த ஒளிர்வைப் போலி செய்ய ஒரு காலத்தில் பல் பீங்கானில் யுரேனியம்கூடக் கலந்தார்கள். பல பத்தாண்டுகள் அப்படி நடந்தது. சிரிக்கும்போது மாட்டிக்கொள்ளாமல் இருக்க மனிதர் போன தூரம் அது.

இத்தனைக்கும் பிறகு அந்த நிறம் ஒரு சீட்டில் ‘ஏ3’ என்று இரண்டே எழுத்தாகிப் போய்விடுகிறது. பல் அளவோடு அந்தச் சீட்டு பெரும்பாலும் வேறொரு ஊரிலிருக்கும் லேபுக்குப் பார்சலில் போகிறது. உலையின் முன் உட்கார்ந்து படை படையாகப் பீங்கானைத் தூரிகையால் வைக்கிற டெக்னீஷியன் அந்த மனிதரைப் பார்த்ததில்லை. அவர் உதடு எவ்வளவு தடிமன், சிரித்தால் ஈறு தெரியுமா, தோல் என்ன நிறம் என்று எதுவும் அவருக்குத் தெரியாது. ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். பல் பிடுங்கியதும் கடித்துக்கொள்ளத் தரும் பஞ்சைச் சுற்றிய துணி அங்கே நெய்ததாக இருக்கக்கூடும். அந்த நெசவாளியைப் போலவே இந்த டெக்னீஷியனும் தன் வேலை யார் வாய்க்குள் போகிறது என்று அறியாமலே உழைக்கிறார். நெசவாளிக்கு அது தெரிய வேண்டியதில்லை. டெக்னீஷியனுக்குத் தெரிய வேண்டும். பக்கத்துப் பல்லின் அருகே ஷேடு துண்டை வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பினாலே பாதிப் பிழை குறையும் என்கிறார்கள். நல்ல மருத்துவர்கள் அனுப்புகிறார்கள். கூட்டம் நெருக்கும் நாளில் அது விட்டுப்போகிறது.

ஆனால் நான் மேடைகளில் பார்க்கிற ஒட்டாத பற்கள் பலவற்றுக்கு மருத்துவரும் காரணமில்லை, டெக்னீஷியனும் காரணமில்லை. போட்ட அன்று அவை ஒட்டித்தான் இருந்தன. இருபத்தைந்து வயதில் போட்ட கேப் இருபத்தைந்து வயதிலேயே நிற்கிறது. பக்கத்துப் பற்கள் டீயும் காபியும் குடித்து, காய்ச்சலில் படுத்து எழுந்து, பிள்ளை பெற்று, நாற்பத்தைந்து வயதை எட்டிவிட்டன. பீங்கானுக்கு வயதாகாது. பல்லை வெளுக்கும் மருந்தும் அதன்மேல் ஏறாது. பற்களை வெளுத்துக்கொண்டால் அந்தக் கேப் மட்டும் பழைய மஞ்சளில் நின்று தனியாகத் தெரியும். எப்படிப் போனாலும் அது கூட்டத்தோடு சேராது.

சினிமா இதற்குக் கண்டுபிடித்த வழி எல்லாப் பற்களையும் மூடிவிடுவது. 1930களில் ஹாலிவுட்டில் சார்லஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர் படப்பிடிப்புக்கு மட்டும் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பல் தகடுகளைச் செய்தார். குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளுக்குப் பால்பல் விழுந்த இடம் திரையில் தெரியாமல் அவர்தான் மறைத்தார். பால்பல் விழுவது ஒரு குழந்தைக்கு நடக்கிற இயல்பான காரியம். அதைக்கூட ரசிகர்கள் பார்க்கக் கூடாது என்றார்கள். அங்கே தொடங்கிய வெள்ளை இன்று நம் தொலைக்காட்சித் தொடர் நடிகர்கள் வரை வந்திருக்கிறது. இப்போது ஷேடு கார்டில் பழைய பதினாறையும் தாண்டிய வெளுப்பு நிறங்கள் உண்டு. எந்த மனிதருக்கும் முளைக்காத நிறங்கள் அவை. நம்மைப் போன்ற கறுத்த முகங்களில் சாதாரணப் பல்லே எடுப்பாகத் தெரியும், சுற்றியிருக்கும் தோல் அதை வெளுத்துக் காட்டும். அங்கே அந்தச் செயற்கை வெள்ளையை வைத்தால் முதலில் பல் தெரிகிறது, பிறகுதான் ஆள் தெரிகிறார்.

ஒருவர் மட்டும் தன் வாயை மாற்ற மறுத்தார் என்று படித்து மகிழ்ந்திருக்கிறேன். பஞ்ச்கனிப் பள்ளியில் படித்த பார்சிப் பையன் ஃபரோக் புல்சாரா, பின்னாளில் ஃபிரெட்டி மெர்க்குரி என்று உலகமே அறிந்த பாடகர். வாயின் பின்புறம் நான்கு பற்கள் கூடுதலாக முளைத்து முன்பற்களை வெளியே தள்ளின. பணம் வந்த பிறகும் அவர் அவற்றைச் சரி செய்துகொள்ளவில்லை. குரல் மாறிவிடுமோ என்ற பயம். ஆனால் பேட்டிகளில் கையால் வாயை மறைப்பார். மேடையில் பாடும்போது மறைக்க மாட்டார். பாடுகிறவருக்குக் கை வேறு வேலைக்கு வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு என் அத்தை நினைவுக்கு வந்தார். சேத்தூரில் எங்கள் தெருவில் பங்குனி முளைப்பாரிக்குக் கும்மிப்பாட்டு எடுத்துக் கொடுப்பவர் அவர். ஒரு அடி இவர் பாட, சுற்றி நிற்கும் பெண்கள் அதை வாங்கித் திருப்புவார்கள். இளவயதில் அடிபம்பில் தண்ணீர் அடிக்கும்போது கைப்பிடி எகிறி அடித்து, மேல்முன்பல் ஒன்று பாதியில் உடைந்தது. அதன் பிறகு கொஞ்ச காலம் அவர் வாயில் ‘வ’ சரியாக வரவில்லை. தொல்காப்பியர் பிறப்பியலில் பல்லும் இதழும் சேர்ந்தால்தான் வகாரம் பிறக்கும் என்கிறார். அத்தை தொல்காப்பியம் படித்தவர் அல்ல. ‘வாராளே வாராளே’ என்று மாரியம்மனை அழைக்கும்போது காற்று போய்விடுகிறது என்று மட்டும் தெரியும். பாட்டுக்காகத்தான் கேப் போட்டுக்கொண்டார். வீட்டில் யாரும் அழகுக்காக என்று அன்று நினைக்கவில்லை. ‘வ’ திரும்பி வந்தது.

பிறகு பல வருஷங்கள் ஓடின. வெற்றிலையும் வயதுமாக மற்ற பற்கள் நிறம் மாற, அந்த ஒன்று மட்டும் போட்ட அன்று இருந்த வெள்ளையிலேயே நின்றது. கும்மி வட்டத்தில் விளக்கு மங்கலாக இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை. ஊருக்குள் போகஸ் லைட்டும் செல்போனும் வந்தன. யாரோ எடுத்த வீடியோ வீட்டுக்கு வீடு சுற்றியது. என் தங்கை மகள் குழந்தைத்தனமாகச் சொல்லிவிட்டாள்: “அத்தப்பாட்டி, ஒங்களுக்கு ஒத்தப் பல்லு மட்டும் லைட்டு போட்ட மாதிரி தெரியுது.”

அடுத்த பங்குனியில் அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டே பாடினார். கும்மிக்கு இரண்டு கையும் வேண்டும். ஒரு கை வாய்க்குப் போய்விட்டால் தாளம் இல்லை, எடுத்துக் கொடுப்பவருக்கே தாளம் இல்லையென்றால் வட்டம் கலைந்துவிடும். இரண்டு பாட்டுக்கு மேல் நிற்கவில்லை. அதற்கு அடுத்த வருஷம் முழங்கால் வலி என்று சொல்லித் திண்ணையிலேயே உட்கார்ந்துகொண்டார். முழங்கால் வலி உண்மைதான். ஆனால் அது பல வருஷமாக இருந்த வலி. சேத்தூர்க் கும்மிப் பாட்டில் அவருக்கு மட்டும் முழுதாகத் தெரிந்த அடிகள் பல உண்டு. அவை அந்த இரண்டு வருஷமும் பாடப்படவில்லை. ஒரு பல்லின் நிறம் ஒரு தெருவின் பாட்டை நிறுத்திவிடும் என்பதை நான் கண்ணால் கண்டேன்.

போன வருஷம் அந்தப் பழைய கேப் அடியில் சொத்தை விழுந்து ஆடத் தொடங்கியது. வேறு வழியில்லாமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் இளம்பெண். முதலில் கேட்டது வெற்றிலையைப் பற்றி. புகையிலையை விட்டாச்சு, பாக்கு மட்டும்தான் என்று அத்தை சொன்னார். பாக்கும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி, வாய்க்குள் கன்னத்துச் சதையையெல்லாம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பல்லுக்கு வந்தார். காரையைச் சுத்தம் செய்தார். பழைய கேப்பைக் கழற்றினார். பிறகு ஷேடு கார்டை எடுத்துக்கொண்டு அத்தையை ஜன்னலோரம் உட்கார வைத்தார்.

“அம்மா, புதுசு போடுறப்ப பக்கத்துப் பல்லையும் சேத்துக் கொஞ்சம் வெளுத்துக்கலாமா? ஃபோட்டோவுல நல்லாருக்கும்.”

“வேண்டாம் டாக்டரம்மா. அதெல்லாம் எம் பல்லு. இந்த ஒண்ணுதான் வெளியூருப் பல்லு. அத எங்க ஊருப் பல்லு மாதிரி பண்ணித் தாங்க.”

கார்டில் அடர்த்தியான ஓரத்துக்குப் போய், ஏ4 துண்டைப் பல்லோடு வைத்துப் படம் எடுத்தார் டாக்டர். அதுவும் முழுசாகப் பொருந்தவில்லை. ஈறோரம் இன்னும் பழுப்பு வேண்டும், நுனியில் தேய்மானம் தெரிய வேண்டும், நடுவில் மெல்லிய விரிசல் கோடு ஒன்று இருந்தால் நல்லது என்று சீட்டில் எழுதினார். அப்படிக் கறையையும் விரிசலையும் பீங்கானுக்குள் வைத்துச் சுடுவதற்கு லேபில் தனி வண்ணங்கள் இருக்கின்றன. வெள்ளையாகச் செய்து தரச் சொல்லித்தான் எல்லோரும் கேட்கிறார்கள், இந்த வண்ணங்களைத் தொட்டே நாளாயிற்று என்று டெக்னீஷியன் போனில் டாக்டரிடம் சொன்னாராம். வேலை முடிந்து வந்த பல்லை முதல் தடவை திருப்பி அனுப்பினார்கள், நுனி கொஞ்சம் நீலம் கூடிவிட்டது. இரண்டாவது தடவை வந்ததை மாட்டிவிட்டு டாக்டர் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். அத்தை வெகு நேரம் தேடினார், எது புதுசு என்று.

“எத்தன வருசம் தாங்கும்?” என்று கேட்டார்.

“நல்லாப் பாத்துக்கிட்டா பத்துப் பதினஞ்சு வருஷம் இருக்கும்மா. ஆனா அதுக்குள்ள மத்த பல்லு நெறம் மாறும். அப்ப இது மறுபடி தனியாத் தெரியும்.”

“தெரிஞ்சா வாரேன். அப்பவும் இதே மாதிரி அழுக்காப் பண்ணிக் குடுங்க” என்றார் அத்தை. பங்குனிக்கு இன்னும் நாலு மாசம் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த என் தங்கை மகளுக்கு மாரியம்மன் பாட்டின் விட்டுப்போன அடிகளைச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.